ரப்பர்த் தோட்டத்து மண்ணும் மூடுபயிரும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் மரங்களுக்கு இடையே புல் பூண்டு எதுவும் நிற்கக் கூடாது என்பதே எழுதாத சட்டம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் தொடங்கிய ரப்பர், சில பத்தாண்டுகளில் காடழித்த குன்றுகளெங்கும் பரவியது. இலங்கையில் காப்பியும் தேயிலையும் பயிரிட்டுப் பழகிய துரைமார் பலர் இந்த வழக்கத்தைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். வழித்துவிட்ட வெறுந்தரை நல்ல நிர்வாகத்தின் அடையாளமாயிற்று. லாலாங் புல் இளங்கன்றின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்ற அச்சம் நியாயமானதுதான். அந்த ஒரு புல்லுக்காக எல்லாப் பச்சையையும் அகற்றியதே பெரும்பிழை. அந்த வேலையைச் செய்தவர்கள், கங்காணிகள் திரட்டிச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள்.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் நாடு அது. வெறுந்தரையில் விழும் மழைத்துளி மண்கட்டிகளை உடைக்கிறது. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து மேற்பரப்பை இறுக்குகின்றன. உள்ளே இறங்க வழியில்லாத நீர், மேல்மண்ணை அரித்துக்கொண்டு சரிவில் ஓடுகிறது. தலைமுறை தலைமுறையாகக் காட்டு இலைகள் மக்கிச் சேர்ந்த வளம் இப்படித்தான் ஆறுகளில் கலந்தது. துரைமார் சோம்பேறித்தனம் என்று இகழ்ந்த சிறு விவசாயிகளின் புதர் மண்டிய ரப்பர்க் காடுகளிலோ மண் தங்கியிருந்தது.

1920களில் கருத்து மாறத் தொடங்கியது. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. கலப்பகோணியம், சென்ட்ரோசீமா, பியூரேரியா ஆகிய அவரைக் குடும்பக் கொடிகள் தோட்டங்களில் பரவின. மூன்றும் ஒன்றுக்கொன்று துணை: கலப்பகோணியம் விரைவில் படர்ந்து விரைவில் மடியும்; பியூரேரியா பின்னர் தரையைப் பிடித்துக்கொள்ளும்; சென்ட்ரோசீமா நிழலையும் ஓரளவு தாங்கும். இலைப்போர்வை மழையின் வேகத்தைத் தணிக்கிறது. வேர்களும் அவற்றைச் சுற்றி வாழும் பூஞ்சை இழைகளும் துகள்களைப் பிணைக்கின்றன. உதிர்ந்த இலையை உண்ணும் மண்புழுக்கள் துளையிட்டு, நீருக்கும் காற்றுக்கும் வழி திறக்கின்றன. வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் ரப்பர் மரங்கள் கிளை கூடி நிழல் விழுந்ததும் கொடிகள் மடிந்து மக்காகின்றன.

கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் இளம் ரப்பர்த் தோட்டங்களில் இன்று பியூரேரியாவோடு, வடகிழக்கு இந்தியக் காடுகளிலிருந்து வந்த முக்குனா பிராக்டியேட்டா என்ற கொடியும் வளர்க்கப்படுகிறது. மாடுகள் அதை மேய்வதில்லை என்பது விவசாயிகளுக்குப் பெரிய வசதி.