குட்வில்லை மூட்டை கட்டியவர்கள்

2002 அக்டோபர் 29. செவ்வாய்க்கிழமை ராத்திரி. தென் லண்டனில் செல்ஹர்ஸ்ட் பார்க் என்கிற கால்பந்து மைதானம். சுமார் 26 ஆயிரம் பேர் உட்காரலாம். அன்றைக்கு வந்திருந்தவர்கள் 849 பேர். சுமாரான ஒரு கல்யாணத்துக்கே இதைவிடக் கூட்டம் வரும்.

ஆடியது ஏதோ பேட்டை டீம் இல்லை. விம்பிள்டன் எஃப்.சி. இரண்டு வருடம் முன்புவரை மான்செஸ்டர் யுனைடெட்டோடும் ஆர்சனலோடும் ஒரே பிரிவில் மோதிக்கொண்டிருந்த க்ளப். அப்படியானால் ரசிகர்கள் எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை. அதே சீஸனில் கிங்ஸ்டன் என்கிற இடத்தில், ஒரு குட்டி மைதானத்தில், சராசரியாக 3 ஆயிரம் பேர் கூடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறந்து சில மாதமே ஆன ஒரு டீமுக்காக.

என்ன நடந்தது?

விம்பிள்டன் என்றதும் நமக்கு டென்னிஸ்தான் ஞாபகம் வரும். புல்தரை, வெள்ளை உடுப்பு, ஸ்ட்ராபெர்ரி. அதே ஊரில் 1889-ல் ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு கால்பந்து டீம் ஆரம்பித்தார்கள். விம்பிள்டன் காமன் என்கிற பொதுப் புல்வெளிதான் மைதானம். உடுப்பு மாற்ற, பக்கத்திலிருந்த மதுக்கடை. 1912-ல் ப்ளவ் லேன் என்கிற தெருவில் சொந்தமாக ஓர் இடம் கிடைத்தது.

இங்கிலாந்துக் கால்பந்து ஒரு ஏணி மாதிரி. மேலே நாலு பிரிவுகள். அதில் இருக்கிற 92 க்ளப்களுக்குத்தான் கௌரவம். கீழே ஏகப்பட்ட படிகள். 1970-களில் கீழே இருக்கிறவன் ஜெயித்தால் மட்டும் மேலே போக முடியாது. உள்ளே இருக்கிற க்ளப்கள் ஓட்டுப் போட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விம்பிள்டன் கீழேயே கிடந்தது. 1975-ல் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் முதல் பிரிவு டீமான பர்ன்லியை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்தது. அடுத்த சுற்றில், அப்போதைய சாம்பியனான லீட்ஸ் யுனைடெட்டோடு கோல் இல்லாத டிரா. கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை விம்பிள்டன் கோல்கீப்பர் டிக்கி கை பிடித்துவிட்டார். மறு ஆட்டத்தில் தோல்விதான். ஆனாலும் ஊர் உலகத்துக்குப் பெயர் தெரிந்துவிட்டது. 1977-ல் ஓட்டுப் போட்டு உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம். கடைசிப் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஒன்பதே வருடம். 1986-ல் உச்சாணிக் கொம்பு. 1988 மே 14-ம் தேதி வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். எதிரே அந்த வருட லீக் சாம்பியன் லிவர்பூல். லாரி சான்செஸ் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோல். லிவர்பூலின் ஜான் ஆல்ட்ரிஜ் அடித்த பெனால்டியை கேப்டன் டேவ் பெசன்ட் பாய்ந்து தடுத்தார். வெம்ப்ளி இறுதி ஆட்டத்தில் ஒரு பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல்முறை. 1-0. கோப்பை விம்பிள்டனுக்கு.

கிரேஸி கேங் என்று அந்த டீமுக்குப் பட்டப்பெயர். முரட்டு ஆட்டம், உடை மாற்றும் அறையில் கலாட்டா, நீளமாகத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவது. பெரிய க்ளப்காரர்கள் முகம் சுளித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் மூன்று வருடம்கூட நீடிக்கவில்லை.

1989-ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல். அதில் சிக்கி இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். விசாரித்த நீதிபதி டெய்லர், பெரிய பிரிவு மைதானங்களில் யாரும் நிற்கக் கூடாது, எல்லோருக்கும் நாற்காலி வேண்டும் என்றார். நியாயமான உத்தரவு. ஆனால் ப்ளவ் லேன் பழைய காலத்துக் கொட்டகை. அதை மாற்றிக் கட்டக் கட்டுப்படியாகாது என்றார் முதலாளி ஸாம் ஹம்மாம். லெபனானில் பிறந்தவர். க்ளப்பை மேலே கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மறுக்க முடியாது. 1991-ல் க்ளப், கிரிஸ்டல் பேலஸ் டீமின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு வாடகைக்குப் போனது. கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். சொந்த வீட்டை விட்டு வாடகைக்குப் போகிற எல்லோரும் சொல்வதுதான்.

கொஞ்ச நாள் வருடங்களாக நீண்டது. 1993 ஜனவரியில் எவர்ட்டனோடு ஆடிய ஆட்டத்துக்கு வந்தவர்கள் 3,039 பேர். கொரோனாக் காலத்தை விட்டுவிட்டால், பிரிமியர் லீக் வரலாற்றில் மிகக் குறைந்த கூட்டம். ப்ளவ் லேன் நிலத்தை விளையாட்டுக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு பழைய நிபந்தனை இருந்தது. பணம் கட்டி அதை நீக்க வைத்தார் ஹம்மாம். 1998-ல் நிலம் ஸேஃப்வே என்கிற சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்குப் போனது. நடுவில், க்ளப்பை அயர்லாந்துக்கே, டப்ளினுக்கே தூக்கிக்கொண்டு போகலாமா என்றும் ஒரு யோசனை. அயர்லாந்து கால்பந்து சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

1997-ல் க்ளப்பின் பெரும்பங்கை வாங்கியவர்கள் இரண்டு நார்வேக்காரர்கள். க்யெல் இங்கே ரோக்கே, ப்யோர்ன் ரூனே யெல்ஸ்டென். மீன்பிடிக் கப்பல், பங்குச்சந்தை என்று சம்பாதித்த பணக்காரர்கள். நார்வேயில் ஏற்கெனவே மோல்டே என்கிற க்ளப்பை வைத்திருந்தவர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு வழக்கு பேச வேண்டியிருக்கிறது. பி.காம். படித்தவர்களுக்கு குட்வில் பாடம் மறந்திருக்காது. தமிழ் மீடியத்தில் நற்பெயர் என்பார்கள். ஒரு கடையை வாங்குகிறீர்கள். மேஜை, நாற்காலி, சரக்கு எல்லாம் சேர்த்து 5 லட்சம்தான் தேறுகிறது. ஆனாலும் 8 லட்சம் கொடுக்கிறீர்கள். மிச்ச 3 லட்சம் எதற்கு? அந்தக் கடைக்கு வழக்கமாக வருகிறவர்கள் நாளைக்கும் வருவார்கள் என்கிற நம்பிக்கைக்கு. அதுதான் குட்வில். கையால் தொட முடியாது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் சொத்து.

நார்வேக்காரர்கள் வாங்கிய க்ளப்புக்குச் சொந்த மைதானம் கிடையாது. ஆட்டக்காரர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போவார்கள். அப்புறம் எதற்குக் கோடிக்கணக்கில் பணம்? பிரிமியர் லீகில் ஒரு நாற்காலிக்கு. டப்ளினுக்குப் போய்விட்டால் ஒரு தேசமே ரசிகர் கூட்டமாகிவிடும் என்கிற கணக்கு வேறு. டப்ளின் கைகூடவில்லை. 1998 உலகக் கோப்பையில் பிரேசிலைத் தோற்கடித்த நார்வே அணியின் பயிற்சியாளர் எகில் ஓல்சனை 1999-ல் அழைத்து வந்தார்கள். அதுவும் எடுபடவில்லை. 2000 மே 14-ம் தேதி சௌதாம்ப்டனில் தோற்று, விம்பிள்டன் பிரிமியர் லீகிலிருந்து இறங்கியது. கோப்பை ஜெயித்து சரியாகப் பன்னிரண்டு வருடம். தேதிகூட அதே தேதி.

நாற்காலி போயிற்று. நஷ்டம் மட்டும் நின்றது.

அப்போது கதவைத் தட்டியது மில்டன் கீன்ஸ். லண்டனுக்கு வடக்கே, விம்பிள்டனிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். 1967-ல் அரசாங்கம் திட்டம் போட்டு உருவாக்க ஆரம்பித்த புது நகரம். ரோடு உண்டு, வீடு உண்டு, கடைகள் உண்டு. லீக் க்ளப் மட்டும் இல்லை. அங்கே பீட்டர் விங்கல்மன் என்கிற தொழிலதிபர், பெரிய கடைகளையும் ஒரு ஸ்டேடியத்தையும் சேர்த்துக் கட்டத் திட்டம் வைத்திருந்தார். ஸ்டேடியம் என்றால் டீம் வேண்டுமே? ஏணியின் அடிப்படியிலிருந்து ஒரு டீமை ஏற்றிக் கொண்டுவர எத்தனை வருடம் ஆகும்! மேலே இருக்கிற ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தால்?

2001 ஆகஸ்ட்டில் விம்பிள்டன் சேர்மன் சார்ல்ஸ் காப்பல் அறிவித்தார்: மில்டன் கீன்ஸுக்குப் போகிறோம். கால்பந்து லீக் முடியாது என்றது. மேல்முறையீடு. கடைசியில் மூன்று பேர் கொண்ட கமிஷன். 2002 மே 28-ம் தேதி, இரண்டுக்கு ஒன்று என்று போகச் சொல்லித் தீர்ப்பு. அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. சொந்த ஊரில் மைதானம் இல்லை, நஷ்டமோ மலை மாதிரி, தடுத்தால் க்ளப்பையே இழுத்து மூட வேண்டி வரும் என்று அவர்கள் நம்பினார்கள். இதோடு விட்டிருக்கலாம். ரசிகர்கள் தனியாக ஒரு க்ளப் ஆரம்பித்து அடியிலிருந்து வருவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததில்லை என்கிற பொருளிலும் ஒரு வரி எழுதி வைத்தார்கள்.

அந்த ஒரு வரி போதாதா?

ஒரே மாதம். ஜூன் 29-ம் தேதி விம்பிள்டன் காமனில் ஆள் தேர்வு. ஆடத் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். 230 பேர் வந்தார்கள். 113 வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பந்து உதைத்த அதே புல்வெளி. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று பெயர். முதலாளி யாரும் கிடையாது. ரசிகர்கள் சேர்ந்து நடத்துகிற டிரஸ்ட். எவ்வளவு பணம் போட்டாலும் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். ஜூலை 10-ம் தேதி சட்டன் யுனைடெட்டோடு முதல் ஆட்டம். 4-0 என்று உதை. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். சந்தோஷமாகத் தோற்ற கூட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

பழைய விம்பிள்டன், புது மைதானம் தயாராகாததால் இன்னும் ஒரு வருடம் செல்ஹர்ஸ்ட் பார்க்கிலேயே ஆடியது. அந்த சீஸனில்தான் 849. 2003-ல் கம்பெனி திவாலின் விளிம்புக்குப் போய் நிர்வாகிகள் கைக்கு மாறியது. செப்டம்பரில் மில்டன் கீன்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். அந்த சீஸனில் கடைசி இடம். 2004-ல் விங்கல்மனே வாங்கினார். பெயரையும் எம்.கே. டான்ஸ் என்று மாற்றினார்.

சட்டப்படி பார்த்தால் இதில் ஒரு தப்பும் இல்லை. பங்குகளை வாங்கியவர்கள் பங்குகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் குட்வில் வரவில்லை. அது பங்குப் பத்திரத்தில் இருந்ததே இல்லை. சனிக்கிழமை மதியம் அப்பா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த தெருவில் இருந்தது. தேரை விலைக்கு வாங்கலாம். வடம் பிடிக்கிற கைகளை யார் விற்பார்கள்?

புது டீம் படிப்படியாக ஏறியது. 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர்வரை லீகில் தொடர்ந்து 78 ஆட்டங்கள் தோற்கவே இல்லை. இங்கிலாந்தில் அது சாதனை. 2011 மே 21-ம் தேதி மான்செஸ்டரில் லூட்டன் டவுனை பெனால்டியில் ஜெயித்து, 92 க்ளப்களில் ஒன்றாகத் திரும்ப உள்ளே வந்தது. அடியிலிருந்து அதுவரை ஒன்பது சீஸன்கள். ஐந்து முறை படியேற்றம். முன்பே, 2007-ல், 1988 கோப்பையின் பிரதி உள்ளிட்ட பழைய சின்னங்களை எம்.கே. டான்ஸ் விட்டுக்கொடுத்துவிட்டது. விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் அவை போய்ச் சேர்ந்தன.

மில்டன் கீன்ஸ்காரர்களை வில்லன்களாக்கிவிட வேண்டாம். அந்த ஊர்ப் பையன்களுக்கும் ஒரு டீம் வேண்டும்தான். டெலே அல்லி அங்கே பிறந்து அங்கேயே ஆடி வளர்ந்து இங்கிலாந்துக்கு ஆடப் போனவர். 2014-ல் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று புரட்டி எடுத்தார்கள். இன்று அவர்களுக்கென்று ரசிகர்கள் உண்டு. அந்தப் பாசமும் பொய்யில்லை. ஆனால் அது மில்டன் கீன்ஸிலேயே முளைத்தது. விம்பிள்டனிலிருந்து லாரியில் ஏற்றி வந்ததில்லை.

ரசிகர்களே முதலாளி என்றால் எல்லாம் சுபம் என்றும் நினைக்கக் கூடாது. கிங்ஸ்டனில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் குடியேறிய மைதானம், கிங்ஸ்டோனியன் என்கிற இன்னொரு சின்ன க்ளப்பின் வீடு. கஷ்டத்தில் அது கைமாறி, கடைசியில் விம்பிள்டன் ரசிகர்களிடம் வந்தது. கிங்ஸ்டோனியன் வாடகைக்கு இருந்தது. சொந்த ஊருக்குத் திரும்பப் பணம் வேண்டுமே என்று விம்பிள்டன் அந்த மைதானத்தை செல்ஸீக்கு விற்றது. 2017-ல் கிங்ஸ்டோனியன் வெளியேற வேண்டி வந்தது. வீடு இழந்தவர்கள் வீடு திரும்ப, இன்னொருவர் வீடு போனது. வெறும் ஐந்தாறு வரிகளில் சொல்லிவிட்டேன். அந்த ரசிகர்களுக்கு இது முழு நீளக் கதை.

2020 நவம்பர் 3-ம் தேதி ப்ளவ் லேனில், பழைய மைதானத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், புது ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். சுமார் 9 ஆயிரம் இருக்கைகள். பணம் தட்டியபோது, வெளியிலிருந்து முதலாளி வந்தால் கட்டுப்பாடு கையை விட்டுப் போகுமே என்று பயந்து, ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். டான்காஸ்டரோடு 2-2 டிரா.

அன்றைக்கு வந்த கூட்டம் எத்தனை தெரியுமா? பூஜ்யம். கொரோனா. ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. அத்தனை நாற்காலியும் காலி. 849 பேர் வந்த அந்த ராத்திரியைவிடக் காலி. ஆனால் இந்த முறை யாரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. கதவு திறப்பதற்காக வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள்.