இலங்கைக் கனிப்பொருளும் மூலகங்களின் வேற்றுமையும்

ஒரு மூலகத்தின் அணு மற்றொன்றின் அணுவினின்றும் எதனால் வேறுபடுகின்றது? இவ்வினாவிற்கு விடை காண நம் நாட்டுக் கற்களும் துணை புரிந்துள்ளன.

பண்டாரவளையிலிருந்து அப்புத்தளை வழியாக மேற்கே மலையிறங்குவோர் பலாங்கொடையை அடைவர். அப்பகுதியிற் கிடைத்த கரிய, பாரமான படிகங்களை, இலங்கைக் கனிப்பொருளளவைப் பகுதியின் முதல்வராயிருந்த ஆனந்த குமாரசுவாமி 1904இல் ஆராய்ந்து, யுரேனியக் கனிப்பொருள் எனக் கருதினார். இலண்டனில் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது, அவற்றிற் பெரும்பகுதி தோரியமே எனத் தெரிந்தது. 'தோரியனைற்று' என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று.

தோற்றம் மயக்கும், எடையும் அத்தகையதே. 1905இல் இக்கனிப்பொருளிலிருந்து ஓட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டார். புது மூலகமென எண்ணப்பட்ட அதனைத் தோரியத்தினின்றும் இரசாயன முறையாற் பிரித்தல் எவர்க்கும் இயலவில்லை. 1914இல் சொடி, இலங்கைத் தோரைற்றிலிருந்து பெற்ற ஈயம் சாதாரண ஈயத்திலும் பாரமானதெனக் காட்டினார். எனினும் இரண்டும் ஈயமே.

அங்ஙனமாயின் மூலகத்தின் அடையாளம் யாது? அஃது அணுக்கருவின் நேர்மின்னேற்றமே என்பதை 1913இல் மோஸ்லியின் எக்ஸ் கதிராய்வு புலப்படுத்திற்று. அதனை இன்று புரோத்தன்களின் எண்ணிக்கை என்கிறோம். ஈயத்திற்கு 82; தோரியத்திற்கு 90; யுரேனியத்திற்கு 92. அவ்வெண்ணிக்கைக்கு ஒத்த இலத்திரன்களே இரசாயனக் குணங்களை வகுக்கின்றன.

தோரியத்தில் 142 நியூத்திரன்கள், ரேடியோதோரியத்தில் 138. எடை வேறு, இனம் ஒன்று; இவை சமதானிகள். யுரேனியமும் தோரியமுமோ இரண்டே புரோத்தன்களால் இருவேறு இனங்களாயின. குமாரசுவாமி போன்ற அறிஞரையும் மயக்கிய அக்கரும்படிகம், புறத்தோற்றத்தை விடுத்து அணுவின் அகத்தை நோக்குமாறு உலகிற்கு உணர்த்திற்று.