இரவில் அலறியது யார்? ஒரு குரலின் 300 வருட வரலாறு



வயற்காவலுக்கும் சேனைக்காவலுக்கும் போய்வந்த நம்மட மூத்தவர்களிடம் ஒரு தடவை பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். யானை வந்த கதையைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். "அந்தச் சத்தம்" என்று தொடங்கினால் மட்டும் குரல் தாழும். நடுச்சாமத்தில் காட்டுப் பக்கமிருந்து எழும் அலறல் அது. குழந்தையைப் பறிகொடுத்த தாய் கத்துவது போல இருக்கும். சட்டென்று நின்றுவிடும். அடுத்த நாள் ஊரில் எங்காவது ஒரு மௌத்துச் செய்தி வந்தால், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவோம்.

சிங்கள மக்கள் அந்தக் குரலுக்கு உரியதை "உலமா" என்கிறார்கள். நமது மார்க்க அறிஞர்களைக் குறிக்கும் அரபுச் சொல்லுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஓசை ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆங்கிலேயர் இதற்குப் "பேய்ப்பறவை" என்று பெயர் வைத்தார்கள். இந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடிக்க 300 வருடத்துக்கு மேல் சென்றது. ஏன் அவ்வளவு காலம் என்பதைத்தான் இன்று எழுதுகிறேன்.

எழுத்தில் பதிந்த பழைய சாட்சிகளில் ஒருவரை மூதூர் மக்களுக்கு நன்றாகத் தெரியும். றொபட் நொக்ஸ். 1660 இல் கொட்டியாரக் குடாவில் கப்பல் ஒதுங்கியபோது, கப்பல் தலைவரான தகப்பனோடு சேர்த்து இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டார். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் ஏறக்குறைய 20 வருடம் கண்டி இராச்சியத்தில் இருந்து, 1679 இல் அரிப்பு ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப்போனார். 1681 இல் இலண்டனில் தனது நூலை வெளியிட்டார்.

அந்த நூலில், இரவில் பேய் உரத்துக் கத்துவதைத் தன் காதாலேயே பலமுறை கேட்டதாக நொக்ஸ் எழுதுகிறார். நாய் குரைப்பது போன்ற கூர்மையான சத்தமாம். அது பேய்தான் என்று நம்புவதற்கு அவர் காட்டும் காரணங்களைக் கவனியுங்கள். இப்படிக் கத்தும் எந்தப் பிராணியும் ஊர் மக்களுக்குத் தெரியாது. எந்தப் பறவையும் பறக்க முடியாத வேகத்தில் சத்தம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுகிறது. நாய்கள்கூட அதைக் கேட்டு நடுங்குகின்றன. அதே மூச்சில், அதனால் எவருக்கும் ஒரு தீங்கும் வந்ததாகத் தான் கேள்விப்படவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நேர்மையான மனிதர்.

அந்தக் காரணங்களை இன்று ஒரு ஆந்தையோடு வைத்துப் பார்க்கலாம். ஆந்தையின் சிறகு விளிம்பு சீப்புப் பல் போல இருப்பதால், பறக்கும்போது சத்தம் வராது. இருட்டில் தலைக்கு மேலால் போனாலும் தெரியாது. இங்கே ஒன்று கத்தி, அரைக் கட்டைக்கு அப்பால் மற்றொன்று பதில் கொடுத்தால், ஒரே பேய் கண் மூடித் திறப்பதற்குள் இடம் மாறியது போலத்தான் கேட்கும்.

இதன் பின்னால் ஒரு கிராமக் கதையும் உண்டு. மனைவி மீது சந்தேகப்பட்ட ஒருவன், தங்கள் குழந்தையையே கொன்று கறியாக்கி அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கிறான். கறியில் குழந்தையின் விரல் தெரிகிறது. அவள் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிப் பறவையாகிறாள். கதை உண்மையா என்பது வேறு விடயம். அந்தக் குரலுக்குள் ஒரு தாயின் துயரத்தைக் கேட்ட கிராமத்து மக்களின் காது பொய்யானதல்ல.

அடுத்து வந்தது பிரித்தானியர் காலம். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861 இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி ஒரு நூல் எழுதினார். பேய்ப்பறவை என்பது கபில நிறக் காட்டு ஆந்தை என்று அதில் சொன்னார். ஆனால் சிவில் சேவையிலிருந்த மிட்போர்ட் என்ற அதிகாரி அதை மறுத்து எழுதியதையும் அதே நூலில் சேர்த்தார். மிட்போர்ட் அந்தக் குரலைக் குருநாகலில், அரசாங்க மாளிகைக்குப் பின்னாலிருந்த பாறைக்குன்றில் கேட்டவர். சாதாரண நாளில் மனிதன் கூப்பிடுவது போல் தெளிவான சத்தமாம். உண்மையான அலறலை ஒரே ஒரு தடவைதான் முழுமையாகக் கேட்டாராம். சித்திரவதைப்படும் சிறுவனின் கழுத்தை நெரிப்பது போல இருந்ததாம். பறவையைப் பிடித்துத் தருபவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தும் ஒருவரும் கொண்டுவரவில்லை. ஆந்தையே அல்ல, வேறொரு இராப்பறவை என்பது அவரது முடிவு.

இனி ஆச்சரியமான இடம். 1878 இல், லெக் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி, இலங்கைக் காடுகளில் வாழும் ஒரு பெரிய கொம்பு ஆந்தையை விஞ்ஞானப் பெயர் கொடுத்துப் பதிவுசெய்தார். கிட்டத்தட்ட இரண்டடி நீளம். வெளிறிய வயிற்றில் கருமையான புள்ளிகள். தலையில் கொம்பு போல நீண்ட இரண்டு இறகுக் குடுமிகள். முயலையும் காட்டுக்கோழியையும் தூக்கக்கூடிய பலம்.

அலறலுக்குரிய பறவை இதுதான் என்றே இன்று பெரும்பாலான பறவையியலாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அதாவது பறவை ஒரு பக்கம் பதிவாகிவிட்டது. குரலும் வேறொரு பக்கம் பதிவாகியிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று உறுதியாக, அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது.

காரணம் இருக்கிறது. இந்த ஆந்தை வழமையாக ஆழ்ந்த குரலில் "ஹூம்" என்றுதான் கூவும். ஏறி இறங்கும் அந்த அலறல் அபூர்வமானது. பறவையைப் பார்த்தவர் அலறலைக் கேட்கவில்லை, அலறலைக் கேட்டவர் பறவையைப் பார்க்கவில்லை. அதோடு, ஒவ்வொரு ஊரிலும் இரவில் கத்திய வேறு வேறு பறவைகளுக்கும் மக்கள் இதே பெயரை வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டவர்களில் அதிகமானோர் "இனி யாருக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டார்கள். "யார் கத்துவது?" என்று கேட்டவர் மிகக் குறைவு.

இரண்டாவது கேள்வியைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. பறவைக் குரல்களை ஒலிப்பதிவு செய்யும் தீபால் வறகாகொட, 1995 பெப்ரவரியில் கித்துல்கல மழைக்காட்டில் ஒரு இரவுக் குரலைக் கேட்டார். மென்மையான, ஒற்றைச் சுரக் குரல். அவருக்குத் தெரிந்த எந்தப் பறவையோடும் பொருந்தவில்லை. அதைப் பின்தொடர்ந்து ஆறு வருடம் போனார். 2001 ஜனவரியில் சிங்கராஜ வனத்தில் கண்ணால் கண்டார். 16 சென்ரிமீற்றர் அளவிலான, செங்கபில நிறமான, காதுக் குடுமி தெரியாத குட்டி ஆந்தை. உலகத்தில் எவரும் அதுவரை பதிவு செய்யாத இனம்!

2004 இல், பமேலா ராஸ்முசன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அதை உலகுக்கு அறிவித்தார். சிங்கராஜ காட்டை மரம் வெட்டுவதிலிருந்து காக்கப் போராடிய திலோ ஹொப்மனின் பெயர் அந்தப் பறவைக்குச் சூட்டப்பட்டது. இலங்கையில் அதற்கு முன் புதிய பறவையினம் ஒன்று விபரிக்கப்பட்டது 1872 இல். 130 வருடத்துக்குப் பின் கிடைத்த புதையல், ஒரு இரவுக் குரலை அலட்சியம் செய்யாத காதுக்குக் கிடைத்தது.

நமக்கு இதில் ஒரு பொறுப்பும் உண்டு. ஜாஹிலிய்யாக் கால அரபிகள், கொலையுண்டவனின் ஆவி ஆந்தையாகி, பழி தீர்க்கும்வரை கத்தும் என்று நம்பினார்கள். அதை "ஹாமா" என்றார்கள். அப்படி ஒன்று இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்தது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்திருக்கிறது. அப்படியிருந்தும், நோயாளி படுத்திருக்கும் வீட்டு முகட்டில் ஆந்தை கத்தினால் நாம் கல் எடுக்கிறோம். "சாக்குருவி கத்துது" என்று நோயாளியின் காதுபடவே பேசுகிறோம். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் மனத்தை அந்தப் பேச்சு எவ்வளவு உடைக்கும்? கல் பட்டுச் சாகும் கூகையோ, நமது வயல் எலிகளைத் தின்று நெல்லைக் காப்பாற்றும் பறவை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை இரவில் தெரியாத குரல் கேட்டால் மூன்று வேலை செய்யுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். திகதி, நேரம், இடம், சத்தம் வந்த திசை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பிள்ளைகளைப் போர்வைக்குள் ஒளிக்கச் சொல்லாமல் பக்கத்தில் இருத்திக் கேட்க வையுங்கள். மனிதர் நடமாட்டம் கண்டு பதறிக் கத்துவது ஆட்காட்டி. பிங்பொங் பந்து சீமெந்துத் தரையில் துள்ளித் துள்ளி அடங்குவது போலக் கேட்டால் அது பக்கி. கூரைக்குள் யாரோ மூச்சிரைப்பது போலிருந்தால் கூகைக் குஞ்சு தீனி கேட்கிறது. பெயர் தெரிந்த சத்தத்துக்குப் பிள்ளை பயப்படாது.

சேனைக்காவலுக்குப் போன தலைமுறை குறைந்துகொண்டு வருகிறது. எந்தக் குரல் எந்தப் பறவைக்குரியது என்று அவர்கள் அறிந்தது எழுத்தில் இல்லை. உங்கள் ஊரில், உங்கள் மூத்தப்பா, மூத்தம்மா இரவுப் பறவைகளுக்கு என்ன பெயர் சொன்னார்கள்? ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். ஒன்றாகத் தொகுத்து வகுப்பறைக்குக் கொண்டுபோகிறேன்.