உடுப்பிலிருந்து இல்லத்திற்கு: சிட்லிங்கி லம்பாடிப் பூந்தையலின் இடமாற்றமும் வடிவமைப்பு உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் வாழும் லம்பாடிப் பெண்களின் பூந்தையற்கலை ஏறத்தாழ இரு தலைமுறைக் காலம் வழக்கிழந்து கிடந்து, இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மீட்டெடுக்கப்பட்டது. முன்பு பெண்ணின் பாவாடையிலும் இரவிக்கையிலும் இடம்பெற்ற தையல், இன்று குஷன் உறை, படுக்கை விரிப்பு, சுவர்த்தொங்கல் முதலிய இல்ல அலங்காரப் பொருள்களிலும் இடம்பெறுகிறது. இவ்விடமாற்றத்தின் வரலாற்றுப் பின்னணியை விளக்கி, அது கலையின் உள்ளமைப்பிலும் அதன்மீதான உரிமையிலும் ஏற்படுத்தும் மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. மீட்டெடுப்பு என்பது பழைய நிலைக்குத் திரும்புதல் அன்று. கலைக்குப் புதிய தளமொன்றை அமைத்துத் தருதல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: லம்பாடி, பூந்தையல், சிட்லிங்கி, போர்கை, உள்ளக வடிவமைப்பு, புவிசார் குறியீடு

முன்னுரை

தகடூர் எனப் பண்டு வழங்கிய தருமபுரிப் பகுதியின் வரலாறு பெரும்பாலும் கல்லை ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அதியமான் மரபு குறித்த ஆய்வுகள், நடுகற்கள், கோயிற் கல்வெட்டுகள் ஆகியவை அறிஞர்தம் கவனத்தை மிகுதியும் ஈர்த்துள்ளன. துணி அத்தகைய சான்றன்று. அது கிழியும், மட்கும், உடுத்தியவருடன் மறையும். ஆகவே துணியில் தம் நினைவைப் பதித்த மக்களின் வரலாறு இம்மாவட்ட ஆய்வுகளில் போதிய இடம் பெறவில்லை. லம்பாடிகள் அத்தகையோருள் ஒரு பிரிவினர். அவர்தம் மொழி இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சார்ந்தது; தனக்கென எழுத்து வடிவம் இல்லாதது. எழுத்தில்லாச் சமூகத்தில் பூந்தையல் அலங்காரம் என்ற அளவில் நில்லாது, தலைமுறை தாண்டிக் கைமாறும் அறிவுத் தொகுதியாகவும் விளங்கியது. அத்தொகுதி இன்று நகர இல்லங்களின் உள்ளக அலங்காரமாக உருமாறி வருவதனை வரலாற்று நோக்கில் காண்பது தேவையாகிறது.

பொதிமாட்டு வணிகமும் பாராமகாலும்

பஞ்சாரா, லம்பாணி, சுகாலி, லம்பாடி எனப் பல பெயர்களால் அறியப்படும் இம்மக்கள், பொதிமாடுகளின் மீது உப்பும் தானியமும் ஏற்றி நாடெங்கும் வணிகம் செய்தவர்கள். உப்பைக் குறிக்கும் ‘லவணம்’ என்னும் சொல்லிலிருந்தே லம்பாடி என்ற பெயர் வந்தது என்பது ஒரு கருத்து. சங்க இலக்கியம் காட்டும் உமணரும் குடும்பத்தோடு வழிச்சென்று உப்பு விற்றவரே. இரு சாராருக்கும் இன உறவு கற்பிக்க இடமில்லை எனினும், உப்பு வணிகமும் பெயர்ந்து வாழும் வாழ்வும் இணைந்து சென்ற நிலை ஒப்புநோக்கத்தக்கது.

ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி, 1632ஆம் ஆண்டு வடஇந்தியாவில் தாம் எதிர்கொண்ட ஒரு தண்டாவில் 14,000 எருதுகள் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். தண்டா என்பது லம்பாடிகளின் நகரும் குடியிருப்பு. படைகளுக்குத் தானியம் சேர்ப்பது இவர்களின் முதன்மைத் தொழில்களுள் ஒன்று. தக்காணத்தில் முகலாயப் படைகளுக்கும், மூன்றாம் மைசூர்ப் போரில் (1790-1792) காரன்வாலிசின் படைக்கும் இவர்கள் தானியம் வழங்கினர். அப்போரின் முடிவில் 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் வசமான பாராமகால் நிலப்பகுதியிலேயே இன்றைய தருமபுரி அமைந்துள்ளது. மைசூர்ப் பீடபூமியையும் தமிழ்ச் சமவெளியையும் இணைக்கும் இவ்வழிநிலம் பொதிமாட்டு வணிகர்க்குப் பழகிய நிலமாகும்.

இவ்வணிகம் 19ஆம் நூற்றாண்டில் சரிந்தது. ஆங்கில அரசின் உப்பு ஏகபோகம் ஒரு காரணம், இருப்புப்பாதை மற்றொன்று. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய தொடர்வண்டி, 1860களில் சேலம் வழியே மேற்குக் கடற்கரையை எட்டியது. எருதுகள் பல நாள் நடந்து சேர்த்த பொதியைத் தொடர்வண்டி ஒரே நாளில் சேர்த்தது. தொழிலிழந்து அலைந்தோரை அரசு ஐயத்துடன் நோக்கியது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. நாட்டின் பல பகுதிகளில் இம்மக்கள் அச்சட்டத்தின் நிழலில் வாழ நேர்ந்தது. பெயர்ந்து திரிந்த தண்டாக்கள் மலையடிவாரங்களிலும் காட்டோரங்களிலும் நிலைத்த குடியிருப்புகளாயின. சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடிக் குடியிருப்புகளை இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ளல் வேண்டும்.

உடுப்பே உடைமை

பெயர்ந்து வாழ்வோர்க்குச் சுவர் இல்லை. எனவே சுவர் அலங்காரமும் இல்லை. உடலும் எருதுமே அவர்கள் அணிசெய்த தளங்கள். ‘பேட்டியா’ எனப்படும் கொசுவப் பாவாடை, ‘காஞ்சளி’ எனப்படும் முதுகு திறந்த இரவிக்கை, முக்காட்டுத் துணி, பை, எருதின் அணிகள் ஆகியவற்றில் பெண்கள் தைத்தனர். கண்ணாடித் துண்டு, சோழி, காசு முதலியனவும் தையலோடு சேர்ந்தன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூல் லம்பாடிப் பெண்டிரின் உடையை விரித்துரைக்கிறது. ஆயின் அந்நூல் உடையை இன அடையாளமாகக் கண்டதேயன்றி, அதனைத் தைத்தவளை வடிவமைப்பாளராகக் காணவில்லை.

இத்தையலின் தொழில்நுட்பம் கருதத்தக்கது. துணியின் மீது முன்வரைவு ஏதும் இடப்படுவதில்லை. ஊடும் பாவுமாக அமைந்த இழைகளை எண்ணியே பல தையல்கள் இடப்படுகின்றன. ஆகவே சதுரம், முக்கோணம், சாய்சதுரம், கோடு ஆகிய வடிவியல் உருவங்கள் மிகுதி. இழைகள் கண்ணுக்குத் தெரியும் கைத்தறித் துணியே இதற்கு ஏற்றது. நெருங்கி நெய்த ஆலைத்துணியில் இழையெண்ணுதல் அரிது. கர்நாடகத்தின் சந்தூரில் கிலன், வேலே, பக்யா, மாக்கி, சூர்யகாந்தி மாக்கி, கான்ஸ், ரேலோ, காத்ரி, நக்ரா உள்ளிட்ட 14 வகைத் தையல்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. ஒவ்வொரு தையலுக்கும் தனிப்பெயர் இருப்பது, இக்கலைக்குத் தன்னளவிலான இலக்கணம் உண்டு என்பதனைக் காட்டும்.

தையல் நின்ற காலம்

நிலைத்த குடியேற்றம் தையலுக்குச் சாதகமாகவில்லை. பெண்கள் வயலிலும் கட்டுமானப் பணியிலும் கூலி வேலைக்குச் சென்றனர். தனித்த உடை அண்டை ஊராரின் ஏளனத்திற்கு இடமளித்தது. பள்ளி, சந்தை, மருத்துவமனை ஆகிய பொதுவெளிகளில் சேலையே இயல்பான உடையாயிற்று. உடை மாறியதும் தையலுக்குரிய தளம் மறைந்தது. தளம் மறைந்ததும் மகளுக்குக் கற்பிக்கும் தேவையும் மறைந்தது. கலை அழிந்தது ஆர்வக்குறைவால் அன்று. அதனைத் தாங்கிய வாழ்க்கைமுறை சிதைந்தமையால் ஆகும். தருமபுரி மாவட்டத்தினின்று திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்குப் பலர் பெயர்ந்துள்ள சூழலில், ஊசியும் நூலும் தொடர்பான பரம்பரை அறிவு ஊரிலேயே மதிப்பிழந்து கிடந்தது ஒரு வரலாற்று முரண்.

சிட்லிங்கியில் மீட்டெடுப்பு

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட சிட்லிங்கியில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையர். லம்பாடிகளும் பட்டியல் சாதியினரும் உடன்வாழ்கின்றனர். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் இங்குப் பழங்குடியினர் நலவாழ்வு முயற்சி என்னும் அமைப்பைக் கூரைக் குடிசையொன்றில் தொடங்கினர். அப்போது ஆயிரம் பிறப்பிற்கு 147 குழந்தைகள் இறந்தன என்பது அவ்வமைப்பின் கணக்கு. நோயின் வேர் வறுமையில் உள்ளது என்ற புரிதல் மருத்துவப் பணியை இயற்கை வேளாண்மைக்கும் கைவினைக்கும் விரித்தது. அதன் ஒரு கிளையே ‘போர்கை’. லம்பாடி மொழியில் இச்சொல்லுக்குப் பெருமிதம் என்பது பொருள்.

தையலை நினைவில் வைத்திருந்த மூதாட்டியர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். அவர்களிடமிருந்தும், பெட்டிகளில் கிடந்த பழைய உடுப்புகளிலிருந்தும் இளம்பெண்கள் கற்றனர். இங்கு உடுப்பே பாடநூலாயிற்று. பின்னர்ச் சங்கமாக அமைந்து, பல பத்துப் பெண்கள் ஊரை விட்டுப் பெயராமல், வீட்டுப் பணிக்கும் வயற்பணிக்கும் இடையே தைத்து வருவாய் ஈட்டும் நிலை உருவானது.

இத்தகைய மீட்டெடுப்பு இந்தியாவில் புதிதன்று. 1952இல் அமைந்த அனைத்திந்தியக் கைவினை வாரியம், கமலாதேவி சட்டோபாத்யாயின் தலைமையில் கைவினையை நாட்டுக் கட்டுமானத்தின் பகுதியாக்கியது. 1969ஆம் ஆண்டு வறட்சியின்போது கட்ச்சில் சந்தாபென் ஷ்ராஃப் தொடங்கிய ‘ஸ்ருஜன்’ பெண்களின் பூந்தையலை வருவாயாக்கியது. கட்ச்சில் வறட்சி நிவாரணம் தொடக்கமாயிற்று. சிட்லிங்கியில் மருத்துவமனை தொடக்கமாயிற்று. இரண்டிலும் வழக்கமான வணிகம் தொடக்கப் புள்ளியாக இல்லை என்பது நோக்கத்தக்கது.

உடலிலிருந்து இல்லத்திற்கு

மீட்கப்பட்ட தையல் பழைய பேட்டியாவிற்குத் திரும்பவில்லை. சேலை, மேலாடை, பை ஆகியவற்றோடு குஷன் உறை, படுக்கை விரிப்பு, சுவர்த்தொங்கல் முதலியவற்றிலும் அது இடம்பிடித்தது. இம்மாற்றத்தில் மூன்று கூறுகள் உள்ளன.

முதலாவது, தளத்தின் மாற்றம். பேட்டியா உடலைச் சுற்றி வளைவது. நடக்கையில் விரிந்து, கண்ணாடித் துண்டுகள் ஒளி சிதற அசைவது. குஷன் உறை தட்டையானது, அசையாதது, ஒரே பார்வையில் அடங்குவது. எனவே கரையாக நீண்டு ஓடிய உருவம், நடுவில் நிற்கும் ஒற்றை உருவமாகச் சுருங்குகிறது.

இரண்டாவது, அடர்த்தியின் மாற்றம். பழைய உடுப்பில் தையல் துணியை ஏறத்தாழ முழுதும் மூடியது. வண்ணங்கள் ஒன்றையொன்று மோதின. இன்றைய நகர உள்ளக வடிவமைப்பு வெற்றிடத்தையும் மென்னிறத்தையும் பெரிதும் விரும்புகிறது. அதற்கேற்பத் தையல் அளவாக இடப்படுகிறது. விலையும் இதில் ஒரு காரணி. அடர்தையல் பல நாள் உழைப்பைக் கோருவது. அதற்குரிய கூலியைச் சேர்த்தால் பொருளின் விலை பெரும்பாலோர்க்கு எட்டாது.

மூன்றாவது, பொருளின் மாற்றம். உடுப்பில் இருந்த தையல் அணிந்தவளின் குடி, மணநிலை, கைத்திறன் ஆகியவற்றைத் தண்டாவினர்க்கு உணர்த்தியது. நகர வரவேற்பறையில் அதே தையல், வாங்கியவரின் சுவையை அவர்தம் விருந்தினர்க்கு உணர்த்துகிறது. தைத்தவளிடமிருந்து வாங்கியவரிடம் அடையாளம் இடம்பெயர்கிறது.

இம்மூன்றையும் இழப்பாக மட்டும் காண்பது பொருந்தாது. தளம் மறைந்தமையே கலையை நிறுத்தியது எனில், புதிய தளமே அதனைத் தொடரச் செய்தது. எனினும் இடர் ஒன்று உண்டு. சந்தை விரும்பும் சில தையல்களே மீண்டும் மீண்டும் இடப்படின், கொசுவத்திற்கும் கரைக்கும் உரிய தையல்கள் கைப்பழக்கத்தினின்று நழுவும். கலை வாழும், அதன் சொற்களஞ்சியம் குறையும்.

வடிவமைப்பாளர் யார்?

கைவினைப் பொருள்கள் குறித்த பேச்சில் நகரத்தார் ‘வடிவமைப்பாளர்’ எனவும் ஊரார் ‘கைவினைஞர்’ எனவும் பிரிக்கப்படுவது வழக்கம். முன்னவர்க்குப் பெயர் உண்டு. பின்னவர்க்குக் கூலி உண்டு. முன்வரைவின்றி இழையெண்ணி உருவம் சமைக்கும் லம்பாடிப் பெண்ணின் செயல் வடிவமைப்பே ஆகும். எந்த உருவம் எவ்வளவு இழைக்குள் முடியும், எந்த வண்ணம் எதனருகே நிற்கும் என்பதனை அவளே தையலின்போது முடிவு செய்கிறாள். இதனைக் ‘கிராமியத் தூண்டுதல்’ என்று மட்டும் சுட்டுவது அவ்வறிவை மூலப்பொருளாகக் குறைப்பதாகும்.

சட்டமும் இங்கு முழுமையாகத் துணைசெய்வதில்லை. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் பொருளை நிலத்தோடு பிணைக்கிறது. நீலகிரியில் நிலைத்து வாழும் தோதவரின் பூந்தையல் 2013இல் குறியீடு பெற்றது. அங்கு நிலமும் மக்களும் ஒன்றுகின்றனர். லம்பாடித் தையலில் 2010இல் குறியீடு பெற்றது ‘சந்தூர் லம்பாணிப் பூந்தையல்’. நடந்து திரிந்த ஒரு மக்களின் பொதுச்சொத்து, சட்டத்தின் பார்வையில் ஓர் ஊரின் பெயரால் நிற்கிறது. அதே மரபில் தைக்கும் சிட்லிங்கிப் பெண் அப்பெயரைப் பயன்படுத்த இயலாது. அரசியல் ஏற்பிலும் இதே சிதறல் காணப்படுகிறது. தெலங்கானாவில் இம்மக்கள் பட்டியல் பழங்குடியினர்; கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர்; தமிழகத்தின் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் அவர்கள் இல்லை. மாநில எல்லைகள் தோன்றுமுன் அவற்றைக் கடந்து நடந்தோர், எல்லைகளால் வெவ்வேறு மக்களாகப் பகுக்கப்பட்டுள்ளனர்.

நிறைவுரை

லம்பாடிப் பூந்தையல் பொதிமாட்டு வாழ்வில் உருப்பெற்று, அவ்வாழ்வின் சரிவோடு தளமிழந்து, சிட்லிங்கியில் புதுத்தளம் பெற்றது. அப்புதுத்தளம் நகர இல்லத்தின் உள்ளகம் மட்டுமன்று. மருத்துவமனை, வேளாண்மை, பெண்கள் சங்கம் என உள்ளூரில் முன்பே வேரூன்றிய அமைப்புகளே அதனைத் தாங்கின. நகரச் சுவை மாறக்கூடியது. அதனை மட்டும் நம்பிய மீட்டெடுப்பு, சுவை மாறும்போது மீண்டும் சரியும். பெண்கள் தம் உழைப்பின் விலையையும் வேகத்தையும் தாமே முடிவு செய்யும் அமைப்பு இருக்கும்வரை கலைக்கும் தொடர்ச்சி உண்டு.

எஞ்சியுள்ள பழைய உடுப்புகளை ஒளிப்படமாகவும், தையற்பெயர்களைத் தமிழ் எழுத்திலும், தைக்கும் முறையைக் காணொளியாகவும் பதிவு செய்வது இன்றைய உடனடிப் பணியாகும். தகடூர் நாட்டு நடுகற்களைத் தேடிச் சென்ற ஆய்வுலகம் அதே அக்கறையோடு இப்பெட்டிகளையும் திறந்து பார்க்க வேண்டும். கல் காத்திருக்கும், துணி காத்திராது.