ரஜூலா கப்பலும் கோழிமுட்டையும்

சென்னைக்கும் மலேயாவுக்கும் இடையே நெடுங்காலம் ஓடிய 'ரஜூலா' கப்பலைத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அறியும். பிழைப்புத் தேடிச் சென்றோரையும் பொருளீட்டித் திரும்பியோரையும் சுமந்த அக்கப்பல், 1957 மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது காய்ச்சலையும் ஏற்றி வந்தது. ஏறக்குறைய 12 வாரங்களில் அது நாடெங்கும் பரவிற்று. அடுத்த பிப்ரவரிக்குள் பதிவான நோயாளிகள் 44 லட்சத்திற்கும் மேல்; இறந்தோர் ஆயிரத்திற்குச் சற்று அதிகம். பதிவேட்டில் ஏறாத குடிசைகள் எத்தனையோ!

இன்ஃபுளுவென்சா புதிய நோயன்று. அப்படியிருக்க, வந்தது பழைய வகையா, இதுவரை காணாத வகையா என்று எவ்வாறு தெளிந்தார்கள்? இங்கேதான் கோழிமுட்டை வருகிறது. நோயாளி தொண்டையைக் கொப்பளித்த நீரை, பத்துப் பதினொரு நாள் அடைகாத்த முட்டைக்குள் ஊசியால் செலுத்துவர். நச்சுயிரி உயிருள்ள திசுவில் மட்டுமே பெருகும். இரண்டு மூன்று நாள் கழித்து முட்டையின் நீரை எடுத்துக் கோழியின் சிவப்பணுக்களோடு கலந்தால், நச்சுயிரி இருப்பின் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1941-இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கண்ட உண்மை இது. குழியின் அடியில் அணுக்கள் சிவப்புப் பொட்டாகத் திரண்டால் நச்சுயிரி இல்லை. பாய்போல் விரிந்து படிந்தால் உண்டு. வெறுங்கண்ணே போதும்.

அடுத்த படி நுட்பமானது. கீரியைப் போன்ற ஃபெரட் என்னும் சிறு விலங்குக்குப் பழைய வகை ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றி, அதன் குருதியில் உண்டான எதிர்ப்புச் சீரத்தைச் சேர்த்து வைத்திருப்பர். அதைக் கலந்ததும் ஒட்டுதல் நின்றால், வந்தது தெரிந்த வகை. 1957-இல் பழைய சீரம் எதுவும் அதை நிறுத்தவில்லை. அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மன் மனிதரின் சீரங்களைக் கொண்டும் சோதித்தார். 1889-90 கொள்ளைநோயைக் கண்டிருந்த முதியோர் சிலரிடம் மட்டுமே எதிர்ப்பு இருந்தது.

வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்கென 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அரசின் இன்ஃபுளுவென்சா மையம் இருந்தது. அங்குப் பணியாற்றிய ஐ. ஜி. கே. மேனன் 1959-இல் வெளியிட்ட கட்டுரையே இந்தியாவில் நோய் பரவிய வரலாற்றுக்கு முதன்மைச் சான்று.

ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. சீனாவின் குய்சோவில் பிப்ரவரியிலேயே நோய் தோன்றிவிட்டது. உலக நலவாழ்வு அமைப்புக்கு 1948 முதல் லண்டனில் இதற்கென்றே ஒரு மையம் இருந்தும், பீக்கிங் அரசு அவ்வமைப்பில் இடம்பெறாத காலம் அது. ஏப்ரலில் ஹாங்காங் நோயுற்ற பின்னரே உலகம் விழித்தது. முறை கையில் இருந்தது, மாதிரிதான் வரவில்லை. அந்த இரண்டு மாதங்களின் விலையை அரசியல்வாதிகள் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

1968-இல் வேறொரு வகை தலையெடுக்க, 1957-இன் வகை மனிதரிடையே மறைந்தது. ஆய்வுக்கூடங்களின் உறைபெட்டிகளில் மட்டும் எஞ்சியது. இன்று மரபணு வரிசையைப் படித்தே வகை காண்கிறார்கள். எனினும் சீரச் சோதனை கைவிடப்படவில்லை. ஆய்வுக்கூடங்களின் திறனை அளக்க அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்ட குப்பிகளில் அந்தப் பழைய வகையே அடைக்கப்பட்டு, 18 நாடுகளில் ஏறத்தாழ 3,700 ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றிருந்தது. 2005 மார்ச்சில் கனடாவின் வின்னிபெக் நகர ஆய்வுக்கூடம் அதை அடையாளம் கண்டது. 1968-க்குப் பின் பிறந்தோர் அந்நோயை அறியாதவர்கள். குப்பிகளை உடனே அழிக்குமாறு ஏப்ரலில் எல்லா நாடுகளுக்கும் செய்தி பறந்தது.