குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆமை வளர்க்கலாமா?

"அம்மா, அந்தக் குட்டி ஆமையை வாங்கிக்கொடும்மா!" - வண்ண மீன் கடைக்குக் குழந்தையோடு போனால் இதைக் கேட்காமல் திரும்ப முடியாது. உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு... நமக்கே ஆசை வரும். 'குரைக்காது, முடி கொட்டாது, ஒரு ஓரமா கிடக்கும்'னு வாங்கியும் விடுகிறோம். ஆனால், வீட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

என்ன ஆபத்து?

ஆமை, ஓணான், பல்லி, பாம்பு என ஊர்வன இனங்களின் குடலில் சால்மோனெல்லா பாக்டீரியா இயல்பாகவே இருக்கலாம். அதனால் அவற்றுக்கு எந்த நோயும் வராது. பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். கழிவு வழியாக வெளியேறும் கிருமி, ஓட்டிலும் தொட்டித் தண்ணீரிலும் ஒட்டிக்கொள்ளும். தொட்ட கையை வாயில் வைத்தால் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரலாம். கைக்குழந்தைகளுக்குக் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க அமெரிக்கா 1975-லேயே தடை போட்டது இதனால்தான். அவ்வளவு சின்ன ஆமையைக் குழந்தைகள் வாயில் வைத்துவிடுவார்கள்!

ஏற்கெனவே வளர்க்கிறீர்களா?

* தொட்டதும் சோப்பு போட்டு 20 நொடி கை கழுவ வேண்டும். பெரியவர்களுக்கும் இதே விதிதான்.
* தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவவே கூடாது. தனி பக்கெட், தனி பிரஷ் வையுங்கள். தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள்.
* முத்தம் கொடுப்பது, சாப்பிடும் இடத்தில் நடக்கவிடுவது வேண்டாம்.
* தொட்டிக்குப் பூட்டும் மூடி அவசியம். வெப்ப விளக்கும் வயரும் குழந்தைக்கு எட்டக் கூடாது.
* குழந்தை தொடாவிட்டாலும், ஆமையைத் தொட்ட உங்கள் கை வழியாகக் கிருமி போகும். கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள்.
* குழந்தைக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், 'வீட்டில் ஆமை இருக்கு' என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சட்டமும் உண்டு

'வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம்' என்று சொல்லி விற்கப்படும் நட்சத்திர ஆமையை வளர்ப்பது, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம். சிறைக்குப் போக நேரிடும். கடைகளில் கிடைக்கும் சிவப்புக் காது ஆமை வெளிநாட்டு இனம். அது தட்டு அளவுக்கு வளரும், 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பெரிதாகிவிட்டதே என்று கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டால், நம்மூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

குழந்தை ஆசைப்படுகிறதா? பள்ளிக்குப் போகும் வயது வரட்டும். அதுவரை உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஆமைக்குத்தான் அவசரமே கிடையாதே!