சாலைக் காரைப் போட்டிக்கு ஒழுங்கமைத்தல்: ஆட்டோகிராஸும் செவ்ரோலே கோர்வேரும்

ஆட்டோகிராஸ் என்பது மோட்டார் விளையாட்டுகளுள் எளிமையான ஒன்று. விமான ஓடுதளம், வாகன நிறுத்துமிடம் போன்ற அகன்ற தார்த் தளத்தில் ரப்பர் கூம்புகளை வைத்து வளைந்து நெளிந்த பாதை அமைப்பார்கள். கார்கள் ஒன்றையொன்று முந்த வேண்டியதில்லை; ஒவ்வொரு காரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடுகிறது. ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வேகம் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டுவது அரிது. கூம்பைத் தட்டிவிட்டால் அமெரிக்க விதிப்படி நேரக் கணக்கில் 2 வினாடி கூடும். பிரிட்டனில் ஆட்டோகிராஸ் என்ற சொல் புல்தரையிலும் மண்தரையிலும் நடக்கும் போட்டியைக் குறிக்கும். இக்கட்டுரை அமெரிக்க முறையைப் பற்றியது.

வேலைக்குப் போய்வரும் காரையே போட்டிக்கும் கொண்டுவரலாம் என்பது இவ்விளையாட்டின் சிறப்பு. அந்தக் காரில் எதை, எவ்வளவு மாற்றலாம் என்பதே இதன் நீண்டகாலக் கேள்வி. 1960களில் அதே கேள்வி விளையாட்டுத் திடலைத் தாண்டி, அமெரிக்க நாடாளுமன்றம் வரை சென்றது. அதற்குக் காரணமான கார் செவ்ரோலே கோர்வேர்.

தோற்றம்

அமெரிக்க விளையாட்டுக் கார் சங்கமான ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா 1944இல் தொடங்கப்பட்டது. போருக்குப் பின் எம்.ஜி. போன்ற சிறிய பிரிட்டிஷ் கார்கள் அங்கே பரவின. தொடக்கத்தில் பந்தயங்கள் ஊர்த் தெருக்களிலேயே நடந்தன. 1952இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் ஊரில் நடந்த பந்தயத்தில் பார்வையாளர்களிடையே நின்ற சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். தெருப் பந்தயங்களுக்கு எதிர்ப்பு வலுத்தது. அப்போது விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லெமே, தம் பொறுப்பிலிருந்த விமானத் தளங்களைப் பந்தயங்களுக்குத் திறந்துவிட்டார். 1952 முதல் 1954 வரை பல போட்டிகள் அங்கே நடந்தன.

பெரிய பந்தயத்துக்கு வேண்டிய பணமும் காரும் எல்லோரிடமும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காகவே காலியான தளங்களில் கூம்புப் போட்டிகள் வளர்ந்தன. 1973இல் மிசூரி மாநிலத்தில் இதற்கான முதல் தேசியப் போட்டி நடந்தது. 2009 முதல் அப்போட்டி நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், பழைய விமானத்தளப் பகுதியில் நடந்துவருகிறது. நம் சென்னைக்கு அருகே சோழவரத்திலும் போர்க்கால விமான ஓடுதளமே பல ஆண்டுகள் பந்தயக் களமாக இருந்தது என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

எதை ஒழுங்கமைக்கிறார்கள்?

வேகமான கார் என்றவுடன் பலரும் என்ஜினையே நினைப்பார்கள். கூம்புப் பாதையில் நேர்ச்சாலையே குறைவு என்பதால், வெற்றியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை டயர்கள். நான்கு டயர்களும் பாரத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதே இதன் அடிப்படைக் கணக்கு.

1000 கிலோ எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு இடையே 140 செ.மீ. தூரம். நிற்கும்போது இருபுறமும் 500 கிலோ பாரம். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 பங்கு பக்கவாட்டு முடுக்கம் ஏற்படும்படி வளைவில் திரும்பினால், மாறும் பாரம் 1000 × 0.9 × 50 ÷ 140, அதாவது சுமார் 321 கிலோ. வெளிப்புற டயர்கள் 821 கிலோவையும் உட்புற டயர்கள் 179 கிலோவையும் தாங்கும்.

பாரம் இரட்டிப்பானால் டயரின் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடும். ஆகவே ஒரு டயரின்மேல் பாரத்தைக் குவித்தால் மொத்தப் பிடிப்பில் நட்டம். முன்டயர்கள் முதலில் பிடிப்பை இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போகப் பார்க்கும். இது அண்டர்ஸ்டியர். பின்டயர்கள் முதலில் இழந்தால் வால்பகுதி வெளியே வீசும். இது ஓவர்ஸ்டியர். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் இந்நடத்தைகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர்.

இவற்றைச் சரிசெய்யும் கருவிகள் சிலவே. டயரின் காற்றழுத்தம் செலவில்லாதது. ஆன்டி-ரோல் பார் என்பது இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி. இது வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும். ஆனால் மொத்தப் பார மாற்றத்தை இது குறைப்பதில்லை. அதில் முன்பக்கத்துக்கு எவ்வளவு, பின்பக்கத்துக்கு எவ்வளவு என்ற பங்கையே மாற்றுகிறது. முன்கம்பியைத் தடிமனாக்கினால் அண்டர்ஸ்டியர் பக்கம் போகும். பின்கம்பியைத் தடிமனாக்கினால் ஓவர்ஸ்டியர் பக்கம் போகும். இவற்றோடு ஷாக் அப்சார்பரும், கேம்பர் எனப்படும் சக்கரச் சாய்வும் சேரும்.

கோர்வேரின் கதை

1960ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த கோர்வேர், என்ஜின் பின்னால் அமைந்த அமெரிக்கக் கார். எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் பின்சக்கரங்களின்மேல் விழுந்தது. பின்புற அச்சு, ஊசலைப் போல ஒரு முனையில் மட்டும் அசையும் வகையைச் சேர்ந்தது. கடும் வளைவில் பின்பகுதி மேலெழுந்தால், சக்கரத்தின் அடிப்பாகம் காருக்கு அடியில் மடங்கும். அந்நேரம் பிடிப்பு சட்டென்று குறையும்.

இதைச் சமாளிக்கத் தொழிற்சாலை தேர்ந்தெடுத்த வழி காற்றழுத்தம். முன்டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, பின்டயருக்கு 26 பவுண்டு என்று பரிந்துரைத்தார்கள். முன்டயரை வேண்டுமென்றே தளர்வாக வைத்து, வால்பகுதி வீசாமல் காப்பதே நோக்கம். முன்புற ஆன்டி-ரோல் பார் எல்லாக் கார்களிலும் பொருத்தப்படவில்லை. பெட்ரோல் பங்க்கில் நான்கு டயர்களுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றடித்துவிட்டால், பொறியாளர் வைத்த சமநிலை அங்கேயே போய்விடும். இந்நுட்பம் அறிந்த ஆர்வலர்கள் தனியே உதிரிபாகம் வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். ஒன்றும் அறியாத குடும்பங்கள் அப்படியே ஓட்டின.

ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் 1965இல் எழுதிய நூலின் முதல் அத்தியாயம் கோர்வேரைப் பற்றியது. காரின் பாதுகாப்பை உரிமையாளரின் டயர் அழுத்தக் கவனத்தை நம்பி விட்டது சரியா என்று அவர் கேட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் அவரைத் துப்பறியச் செய்தது வெளியாகி, 1966 மார்ச்சில் அந்நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுமுன் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் தேசியப் போக்குவரத்து, மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. நூல் வருவதற்கு முன்பே 1964 மாடலில் முன்புற ஆன்டி-ரோல் பார் எல்லாக் கார்களுக்கும் வந்துவிட்டது. 1965 மாடலில் பின்புற அமைப்பே புதிதாக மாற்றப்பட்டது. 1972இல் வெளியான அரசு ஆய்வு, 1960 முதல் 1963 வரையிலான கோர்வேர்கள் அக்காலத்திய பிற கார்களைவிட மோசமானவை அல்ல என்று முடிவுகூறியது. கோர்வேர் உற்பத்தியோ 1969இலேயே நின்றுவிட்டது.

குற்றம் சாட்டப்பட்ட கார் களத்தில்

அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாதம் நடந்த அதே 1966இல், பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த கார் விற்பனையாளர் டான் யென்கோ 100 புதிய கோர்வேர்களை வாங்கிப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றினார். யென்கோ ஸ்டிங்கர் என்பது அவற்றின் பெயர். விளையாட்டுக் கார் என்று ஏற்கப்படுவதற்காகப் பின்னிருக்கை அகற்றப்பட்டது. மறு ஆண்டே ஸ்டிங்கர் தன் பிரிவில் தேசியப் பட்டம் வென்றது. குறை என்ஜின் இருந்த இடத்தில் இல்லை, ஒழுங்கமைப்பில்தான் என்பதை இது காட்டுகிறது.

விதிகளில் பதிந்த அனுபவம்

இன்றைய அமெரிக்க ஆட்டோகிராஸ் விதிகளில், குறைந்த மாற்றம் அனுமதிக்கப்படும் பிரிவுக்குச் சாலைப் பிரிவு என்றே பெயர். இதில் ஷாக் அப்சார்பர், பிரேக் பேடு, ஏதேனும் ஒரு பக்கத்து ஆன்டி-ரோல் பார் ஆகியவற்றை மாற்றலாம். ஸ்பிரிங்குகள் தொழிற்சாலையில் வந்தவையாகவே இருக்க வேண்டும்.

டயருக்கும் கட்டுப்பாடு உண்டு. டயரின் தேய்மான எண் 200க்குக் குறையக் கூடாது. இந்த எண் முதலில் நுகர்வோருக்காக வந்தது. டெக்சாஸ் மாநிலச் சாலையில் 7,200 மைல் ஓட்டி, 100 எண் கொண்ட அளவுகோல் டயரோடு ஒப்பிட்டு இது கணிக்கப்படுகிறது. 200 என்றால் ஏறத்தாழ இருமடங்கு உழைக்கும் என்று பொருள். சில ஓட்டங்களில் தேய்ந்துவிடும் மென்மையான டயரை வாங்க வசதியுள்ளவர் மட்டுமே வெல்லும் நிலையை இவ்விதி மட்டுப்படுத்தியது.

திடலும் சாலையும்

கூம்புப் பாதையில் வெல்வதற்காகப் பின்பகுதி எளிதாகத் திரும்பும்படி ஒழுங்கமைத்த கார், மழை பெய்த நெடுஞ்சாலையில் ஆபத்தானது. திடலில் வால் வீசினால் ஒரு கூம்பு விழும். சாலையில் எதிரே ஒரு பேருந்து வரும். எனவே அனுபவமுள்ள போட்டியாளர்கள் டயர் அழுத்தத்தைக் களத்தில் மாற்றி, வீடு திரும்புமுன் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

போட்டியாளர் தன் காரை அறிந்து மாற்றுகிறார், விளைவும் அவருடையது. சாலையில் போகும் சாதாரண ஓட்டுநருக்கு அந்த அறிவு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்காக அதைத் தயாரிப்பாளர் முன்கூட்டியே செய்துதர வேண்டும். கோர்வேர் வழக்கு இப்பொறுப்பைத்தான் சட்டத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தது. நம் கார்களின் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் டயர் அழுத்த அட்டையில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி எண்கள் இருந்தால், அவற்றுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அடுத்தமுறை காற்றடிக்கும்போது அந்த அட்டையைப் படித்துவிட்டு அளவைச் சொல்வது நல்லது.